பூதேவியின் பதிவு வெட்டப்பட்டது

எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு இரண்டு கையும் இடுப்பில். ஸ்ரீமுஷ்ணம் வந்து பூவராகரைச் சேவித்தவர்களுக்குத் தெரியும். உடம்பு மேற்கே பார்க்கிறது, முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. ஒரு வேலையை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிற ஆளின் நிற்பு. முடித்த வேலை என்ன என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இரணியாட்சன் பூமிப்பிராட்டியைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு போய்க் கடலுக்கடியில் ஒளித்து வைத்தான். பெருமாள் பன்றியானார். சேறு, பாசி, உப்புத்தண்ணீர் எதையும் பாராமல் முங்கினார், அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதை அவ்வளவுதான். இதற்குத்தான் கொடியேற்றம், தேர், மாசி மகம், கோரைக்கிழங்குப் பிரசாதம் எல்லாம்.

அதாவது, கடலில் கிடந்த ஒரு பெண்ணைக் கரையேற்றியதற்காக ஒருவரைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கும்பிடுவதோடு சரி.

நல்லவேளை, கிருதயுகத்தில் வருவாய்த்துறை இல்லை. இருந்திருந்தால் கரையில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, கயிறு கட்டிய பேனா.

"ஏம்மா, பேரு?"

"பூமி."

"இனிஷியல்?"

மௌனம்.

"சரி, புருஷன் விலாசம்?"

"வைகுண்டம்."

"அது எந்தத் தாலுகா? எப்படி வந்தே?"

"கடல் வழியாக."

"பாஸ்போர்ட்?"

"அசுரன் என்னைச் சுருட்டிக்கொண்டு போனான் ஐயா. எதையும் எடுத்துக்கொள்ள விடவில்லை."

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. படகு நம்பர் என்ன? ஏஜெண்டுக்கு எவ்வளவு குடுத்தே?"

"படகு இல்லை. இவர்தான் பல்லில் ஏந்திக்கொண்டு வந்தார்."

"எழுதுய்யா. ஆள்கடத்தல். வாகனம், பன்றி ஒன்று. பறிமுதல்."

"ஐயா, நான்தான் நிலம். நான் மேலே வராவிட்டால் நீங்கள் எல்லைக்கோடு போட இடமே கிடைத்திருக்காது."

"பட்டா இருக்கா?"

இந்தக் கேள்வியோடு விசாரணை முடிந்தது. சொன்ன தேதியில் பதிவுக்கு வந்து நிற்க வேண்டும், வெளியே போனால் சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும், வராவிட்டால் பதிவு வெட்டப்படும் என்று சொல்லிப் பிராட்டியைப் பத்தடிக்குப் பத்தடி அறைக்கு அனுப்பிவைத்தார்கள்.

மேலே எழுதியதில் பன்றி ஒன்றுதான் கற்பனை. மீதிக் கேள்விகள் 1983 ஜூலையிலிருந்து இந்தக் கரையில் கேட்கப்பட்டு வருகிறவை. கொழும்பில் கடைகளையும் ஆட்களையும் கொளுத்திய அந்த மாதம் தொடங்கி 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்கள் படகேறி இங்கே வந்தார்கள். திரும்பிப் போனவர்கள் போக, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னமும் நூற்றுச்சொச்சம் முகாம்களில் இருக்கிறார்கள். எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடிப் பக்கம் அம்பலவாணன்பேட்டையில் ஒரு முகாம் உண்டு. எங்கள் ஊரில் பலருக்கு அது தெரியாது. எந்தக் கருடசேவைக்கும் விவரம் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

பெருமாளின் கழுத்துக்கு வருகிறேன். உடம்பு எந்தப் பக்கம் நின்றாலும் கழுத்தைத் தெற்கே திருப்ப முடியும் என்று அவர் காட்டியிருக்கிறார். டெல்லிக்கு அது வரவில்லை. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையினருக்குக் கருணை என்றார்கள். மேற்கே பார்த்தார்கள், பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் தெரிந்தன. கிழக்கே பார்த்தார்கள், வங்கதேசம் தெரிந்தது. இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர் என்று ஆறு பெயரை எழுதினார்கள். தெற்கே, ராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நெற்றியில் திருநீறும் நாமமும் சிலுவைக் குறியுமாக நின்றவர்கள் கண்ணில் படவே இல்லை. இந்துக்களின் புகலிடம் என்று மார்தட்டுகிறவர்களின் அகராதியில், பாக் நீரிணையைத் தாண்டி வந்த இந்து, இந்து ஆகமாட்டாள் போலிருக்கிறது. உப்புத்தண்ணீரில் மதம் கரைந்துவிடும். முஸ்லிம் என்றால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கரைய வேண்டியதே இல்லை, பட்டியலிலேயே இடம் கிடையாது.

நம் ஆட்கள் இதற்குக் கோபப்பட்டார்கள். எப்படி? மேடை போட்டு. "தொப்புள்கொடி உறவு" என்ற சொல்லைத் தமிழ்நாட்டு மேடைகள் தேய்த்த அளவுக்கு எந்தக் கொடியையும் யாரும் தேய்த்ததில்லை. தொப்புள்கொடியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே நிஜம், அதைப் பிரசவ வார்டில் வெட்டிவிடுவார்கள் என்பது. முகாம் பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் பிள்ளை பிறக்கிறது. தமிழ்நாட்டு நர்ஸ் கொடியை வெட்டுகிறாள், தமிழ்நாட்டு நகராட்சி பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிறது. அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளை, தான் கண்ணாலும் பார்த்திராத இலங்கையின் பிரஜை. அந்த நாட்டுக்கு அப்படி ஒரு பிரஜை இருப்பதே தெரியாது.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கருவிலேயே காலண்டர் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால், அப்பன் ஆத்தாள் யாராக இருந்தாலும் இந்தியப் பிரஜை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இதைப் பிடித்துக்கொண்டு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில் முதல் மை. பத்திரிகைகள் படம் போட்டன, நாமும் பூரித்தோம். அவருடைய தங்கை முறை ஒருத்தி 1987 ஜூலை முதல் தேதி பிறந்திருந்தால் அவளுக்கு விரலும் கிடையாது, மையும் கிடையாது. ஒரு ராத்திரி வித்தியாசத்தில் தாய்நாடு மாறிவிடுகிறது. ஜாதகத்தில்கூட இவ்வளவு துல்லியம் இல்லை.

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இன்னும் விசேஷம். அன்றிலிருந்து, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் உயிர்தப்பி வந்தவர்களுக்குச் சட்டத்தில் உள்ள பெயர் அதுதான். குறிஞ்சிப்பாடியில் தலைமுறை தலைமுறையாக முந்திரித்தோப்பு வைத்திருக்கிறவன் முகாமில் பெண்ணெடுத்தால், அவன் பிள்ளை இந்தியன் இல்லை. எங்கள் பெருமாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உள்ளூர்க்காரர், பிராட்டி கடல் வழி வந்தவள். இருவருக்கும் ஒரு பிள்ளை பிறந்ததாகப் புராணம் சொல்கிறது. பெயர் நரகன். அவன் ஏன் அசுரனாகப் போனான் என்று பௌராணிகர்கள் பல காரணம் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது என்ன கேட்டார்கள் என்று ஒருவரும் விசாரித்ததில்லை. அவன் செத்த நாளில் நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்சணம் தின்கிறோம்.

பலகைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்பார்கள். 2021 ஆகஸ்ட் மாதக் கடைசியில் 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடுகளை இடித்துக் கட்டுவதாகச் சொன்னார்கள். நிஜமாகவே பல இடங்களில் வீடு எழும்பியிருக்கிறது. பெரிய காரியம், மறுக்கவில்லை. பணக்கொடையும் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. ஒரு பிள்ளைக்கு நாளைக்குப் பதினேழு ரூபாய். ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு ஒரு டீ குடித்துவிட்டுச் சில்லறையை எண்ணலாம். பலகையில் அகதி போய்த் தமிழர் வந்தாயிற்று. டெல்லிப் பதிவேட்டில் இன்னும் சட்டவிரோதக் குடியேறிதான். வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்கிறோம். வந்தாரை வரிசையில் வைக்கும் என்பதுதான் அச்சுப்பிழை நீக்கிய பாடம்.

அந்த வரிசைக்குப் பெயர் 'செக்கிங்'. வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. வருவார், கியூ பிராஞ்ச் போலீஸ் வரும், பெயர் கூப்பிடுவார்கள், ஆள் நிற்க வேண்டும். 2016 மார்ச்சில் மதுரை திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாமில் ஒருவருடைய மகன் பெயர் கூப்பிட்டபோது நிற்கவில்லை. அவன் மருத்துவமனையில் இருந்தான். தகப்பன் சொல்லிப் பார்த்தார், அதிகாரி வருகை போட மறுத்தார். தகப்பன் உயர்மின்னழுத்தக் கோபுரத்தில் ஏறிச் செத்தார். அதன்பிறகு அன்றைய பதிவேட்டில் அந்த வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதினார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று குறைத்தார்களா, இரண்டா?

எனக்கு முகாம் பழக்கமானது மனு எழுதப் போய்த்தான். ஒன்பது பெண்கள். பேருக்குச் சுயஉதவிக்குழு. எடுத்த கடனைக் கட்டிவிட்டு மிச்சமுள்ள நேரத்தில் மனு போடுவார்கள். கழிப்பறைக்கதவு, பாம்பு, கல்லூரியில் 'நேட்டிவிட்டி' கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட பெண், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், வெட்டுப்பட்ட பதிவு. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு இருவரை அனுப்புவார்கள். எல்லாரும் போனால் அன்றைக்குக் கூலி போய்விடும். இந்தியாவில் அகதிகளுக்கென்று சட்டமே இல்லை, 1951-ஆம் வருஷத்து ஐ.நா. உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போடவில்லை, வழக்கறிஞர் வைக்கக் காசில்லை. அதனால் அவர்களே அவர்களுக்கு வக்கீல். இந்த வித்தையை அவர்களுக்குக் கொடுத்ததில் 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குப் பங்கு உண்டு. அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு அது. நாம் தொப்புள்கொடி பேசிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் அவர்கள் முகாம் பெண்களுக்குச் சுருள்பாசி வளர்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளின் ரத்தசோகைக்காக.

குழுவுக்குத் தலைவி ஒரு மன்னார் அக்கா. ரெக்சின் பையில் எல்லாக் கடதாசியும் இருக்கும், லேமினேட் செய்தது செய்யாதது என்று பிரித்து ரப்பர் பேண்டு போட்டு. அவர் சொன்ன கணக்கு: "எண்பத்தஞ்சில வரேக்க எனக்கு எட்டு வயசு. இப்ப என்ர பேத்திக்கு எட்டு வயசு. அவளின்ர கார்டிலயும் வந்த திகதி எண்டு ஒரு இடம் கிடக்கு. பிறந்த பிள்ளைக்கு வந்த திகதி என்னத்தை எழுதிறது தம்பி?"

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவர். முந்திரிக்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும். சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் விரல்நுனி தப்பாது. ஒரு நாள் ஒரு கவுண்டரில் (எந்த ஆபீஸ் என்று வேண்டாம்) கூடவே நின்றேன். ரேகை எந்திரத்தில் வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. இடது கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல். சேலைத் தலைப்பில் தேய்த்துத் தேய்த்துப் பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. கவுண்டர்ப் பையன் நிமிராமலே சொன்னான்: "ரேகையே இல்லம்மா ஒங்களுக்கு." அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊர் இல்லை, நாடு இல்லை, இப்போது ரேகையும் இல்லை. இந்த நாட்டுப் பருப்பை உடைத்து உடைத்துத்தான் அது போயிற்று என்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு ஈழத்தமிழர் வழக்கில், உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்களை வைத்துக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று சொன்னது. 140 கோடி பேரோடு திண்டாடுகிறோமாம். கனம் கோர்ட்டாருக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் சத்திரங்கள் எப்படி நடந்தன என்று யாராவது சொல்லியிருக்கலாம். ராமேசுவரம் போகிற பாதை முழுக்கச் சத்திரம். சிதம்பரத்தில் வீதிக்கு வீதி சத்திரம். இலை போட்ட பிறகு எந்தத் தேசம் என்று கேட்டால் புண்ணியம் கெட்டுவிடும் என்று பயந்தவர்கள் கட்டியவை. அதற்கும் முன்னால், மணிமேகலை என்று ஒருத்தி அரசனிடம் போய்ச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்லிச் செய்தும் காட்டினாள் என்று நம் காப்பியம் சொல்கிறது. நாம் அந்த வேலையைத் தலைகீழாக முடித்திருக்கிறோம். திருச்சியில் மத்தியச் சிறை வளாகத்துக்குள்ளேயே 'சிறப்பு முகாம்' வைத்திருக்கிறோம். அதற்குச் சிறப்பு என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கலைமாமணி கொடுக்கலாம்.

போய்விட வேண்டியதுதானே என்கிறவர்களுக்கு ஒரு தகவல். அதே 2025 மே மாதம், இங்கிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். குற்றம்: நாட்டை விட்டுச் சட்டவிரோதமாக வெளியேறியது. இந்தக் கரையில் சட்டவிரோதமாக நுழைந்தவர், அந்தக் கரையில் சட்டவிரோதமாக வெளியேறியவர். சட்டப்படி அவருக்கு மிச்சமிருப்பது நடுக்கடல்.

நடுக்கடலிலும் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் அங்கே அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் போனபோது, கைக்குழந்தைகளோடு பெண்கள் படகேறினார்கள். படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். சுற்றிலும் கடல், நடுவில் நாலு முழம் மணல், அதன்மேல் ஒரு பெண். புராணத்தில் இந்தக் காட்சியில்தான் பன்றி வரும். இங்கே கடலோரக் காவல்படை வந்தது, தூக்கிக்கொண்டு வந்து கரையில் விட்டது, பிறகு வழக்கு. அந்த ஜூன் கடைசியில் தனுஷ்கோடிக் கரையில் ஒரு கிழத் தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். கிழவி சில நாளில் மதுரை ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். 2025 செப்டம்பரில், பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்க வேண்டாம் என்று மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. ஒரே நிபந்தனை, 2015 ஜனவரி 9-க்குள் வந்திருக்க வேண்டும். மணல்திட்டுப் பெண்கள் ஏழு வருஷம் லேட்.

இனி நான் வெட்கப்படுகிற இடம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயிலா என்று ஓர் ஊர். இறைச்சித் தொழிற்சாலை, பக்கத்தில் நிலக்கரி. ஜனத்தொகை ஆறாயிரம் தேறாது, எங்கள் ஸ்ரீமுஷ்ணம் பேரூராட்சிக்குப் பாதி. ஓட்டெல்லாம் பழமைக் கட்சிக்கு. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை, அங்கே குடியிருந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை, புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகளை, எல்லைப்படை அள்ளிக்கொண்டு போனது. ஊர்ப் பெண்கள் சிலர் கூடினார்கள். ஒருத்தி சமூகப் பணியாளர், மற்றவர்கள் அக்கம்பக்கம். தமிழில் ஒரு சொல் தெரியாது. மனு எழுதினார்கள், லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். 2019 ஆகஸ்டில் அந்தக் குடும்பத்தை விமானத்தில் ஏற்றியபோது, அது பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதியிடம் தடை வாங்கி டார்வினில் இறங்க வைத்தார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவு, சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி, பெர்த் ஆஸ்பத்திரி. பெண்கள் விடவில்லை. ஆட்சி மாறியது. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா. நாலு வருஷத்தில் தொப்புள்கொடி என்ற வார்த்தையை அந்தப் பெண்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: அது எங்கள் ஊர்ப் பெண், எங்களுக்குத் திருப்பிக் கொடு.

நான் இதை எங்கள் தெரு நண்பர் ஒருவரிடம் சொன்னேன். நாலு கால பூஜைக்கும் போகிறவர். "அவங்க ஊர்ல எடம் நெறைய இருக்கு சார்," என்றார்.

சென்ற மாசி மகத்துக்கு அக்காவைக் கிள்ளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பெருமாள் வருஷத்துக்கு ஒருமுறை ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார். போகிற வழியில் கிள்ளைத் தைக்காலில் முஸ்லிம்கள் வரவேற்று மாலை, பட்டு மரியாதை செய்வார்கள், தர்காவுக்குப் பெருமாள் தரப்பிலிருந்து பதில் மரியாதை போகும். பெருமாளிடம் அங்கே யாரும் கார்டு கேட்பதில்லை. அக்காவின் தாய் எண்பத்தஞ்சில் வந்த படகிலிருந்து கரையேறாதவள். திதி தெரியாது, அதனால் மகத்துக்குச் செய்கிறார். ஒரு தூக்குச்சட்டியில் எள்ளும் சோறும், கொஞ்சம் பூ. வாழையிலைத் துண்டில் வைத்து அலைக்குள் விட்டார். அலை இரண்டு தடவை திருப்பிக் கொண்டுவந்து போட்டது, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டது.

தூரத்தில் மேளம் கேட்டது. கூட்டம் கடலைப் பார்த்து நகர்ந்தது. அப்போது அக்காவின் போன் அடித்தது. முகாமிலிருந்து. செக்கிங் நாளைக்கில்லையாம், இன்றைக்கே மூன்று மணிக்கு ஆர்.ஐ. வருகிறாராம்.

பெருமாள் தண்ணீரில் இறங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எதிரே வந்த கூட்டத்தை முழங்கையால் விலக்கியபடி, சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க மணலில் ஓடினார்.